சமன்பாடும் குறியும்

ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு ஒன்றை இயன்றவரை பெருக்குவது அல்லது குறைப்பது என்னும் கணக்கைப் பொருளியல் தன் மையக் கருவியாக ஏற்று ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. வருமானத்துக்குள் நின்று தன் நிறைவைப் பெருக்கிக்கொள்ளும் நுகர்வோரும், குறித்த அளவு உற்பத்தியை மிகக் குறைந்த செலவில் எட்ட முயலும் நிறுவனமும் இக்கணக்கின் வழியாகவே பாடநூல்களுக்குள் வந்தனர். இக்கணக்குக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. உகந்த நிலையில் நின்றுகொண்டு கட்டுப்பாட்டை மீறாமல் எந்தப் பக்கம் சிறிதளவு நகர்ந்தாலும் பயன் மாறாது, அதாவது அங்கே சரிவு சுழியாக இருக்கும் என்பது முதல் அடுக்கு. இதற்கு முதல் வரிசை நிபந்தனை என்று பெயர். ஆனால் உச்சியிலும் சரிவு சுழி, பள்ளத்தின் அடியிலும் சுழி, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சேணப்புள்ளியிலும் சுழி என்பதால், கிடைத்த புள்ளி உண்மையில் பெருமம்தானா என்று அறிய அங்குள்ள வளைவு மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா எனப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையே இரண்டாம் வரிசை நிபந்தனை. பல நூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் முடித்துக்கொண்டு, நிறைவேறுவதாகக் கொள்வோம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. பொருளியல் கோட்பாட்டின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் நிலைமை நேர்மாறானது: விலை ஏறினால் தேவை குறையும், கூலி உயர்ந்தால் ஆள் எடுப்பது குறையும் என்பன போன்ற, உலகோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தக்க முடிவுகள் முதல் அடுக்கின் சமன்பாடுகளிலிருந்து வரவில்லை, இரண்டாம் அடுக்கு தரும் கூட்டல் கழித்தல் குறியிலிருந்தே வந்தன.

இக்கருவியைச் செய்தளித்தவர்கள் பொருளியலாளர்கள் அல்லர். டூரின் நகரில் பிறந்த லக்ராஞ்ச், தம் இருபதுகளின் தொடக்கத்தில் 1759-இல் வெளியிட்ட கட்டுரையில், பல மாறிகளைக் கொண்ட சார்பு ஒன்றின் பெருமத்தையும் சிறுமத்தையும் பிரித்தறிய, இரண்டாம் வகைக்கெழுக்களால் அமையும் இருபடிக் கோவையை வர்க்கங்களின் கூட்டலாக எழுதிக் குறிகளைப் பார்க்கும் வழியைக் காட்டினார். கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கியைச் சேர்த்து, கட்டுண்ட கணக்கைக் கட்டற்ற கணக்கின் வடிவில் எழுதும் அவருடைய முறை, 1788-இல் வெளியான இயக்கவியல் நூலில் இடம்பெற்றது. ஒரு மலையின் மேல் வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் நடக்க அனுமதி உள்ளவருக்கு, அந்தப் பாதையின் மிக உயர்ந்த இடம் எது என்பதே கேள்வி, மலையின் சிகரம் எது என்பதன்று. கட்டுண்ட கணக்கின் இயல்பும் இதுவே. ஆகவே மலையின் வளைவை மட்டும் பார்ப்பது போதாது, பாதையின் வளைவும் கணக்கில் சேர வேண்டும். லக்ராஞ்சின் பெருக்கி அந்தச் சேர்க்கையையும் செய்துகொடுப்பதால், சோதனை மூலச் சார்பின் மேல் அல்லாமல் பெருக்கி சேர்ந்த சார்பின் மேல், கட்டுப்பாடு அனுமதிக்கும் திசைகளில் மட்டும் நடத்தப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இச்சோதனை அணிக்கோவைகளின் மொழிக்கு மாறியது. இரண்டாம் வகைக்கெழுக்களை வரிசையாக அடுக்கிய அணிக்கோவைக்குக் கோனிக்ஸ்பெர்க் கணிதர் ஹெஸ்ஸேயின் பெயரைச் சில்வெஸ்டர் சூட்டினார். அதன் ஓரங்களில் கட்டுப்பாட்டின் வகைக்கெழுக்களை ஒரு வரிசையாகவும் ஒரு நிரலாகவும் சேர்த்தால் கிடைப்பது விளிம்பிட்ட ஹெஸ்ஸியன். வையர்ஸ்ட்ராஸ் பெர்லினில் நடத்திய பாடங்களை ஆங்கிலம் படிப்போருக்குக் கொண்டுசேர்த்த ஹான்காக்கின் பெரும-சிறுமக் கோட்பாட்டு நூல் 1917-இல் வெளிவந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் பதிவாகியிருக்கிறது. 1884-இல் டூரினில் வெளியான ஜெனோக்கியின் நுண்கணித நூலில் பியானோ சேர்த்த குறிப்புகளில், தொடக்கப் புள்ளி வழியே செல்லும் ஒவ்வொரு நேர்கோட்டின் மேலும் சிறுமமாகத் தோன்றி, ஆனால் ஒரு பரவளையத்தின் வழியே நடந்தால் அதைவிடக் கீழே இறங்கிவிடும் சார்பு ஒன்று காட்டப்பட்டது. வளைவு தெளிவாக ஒரு குறியைக் காட்டாமல் சுழியில் நிற்கும் இடங்களில் இரண்டாம் வரிசைச் சோதனை எதையும் உறுதிசெய்யாது என்பது அதனால் ஐயமின்றித் தெரிந்தது. பொருளியலாளர்கள் இந்த நுணுக்கத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

பொருளியலில் இச்சோதனையை முதலில் கையாண்டவர்களுள் முன்னிற்பவர் கூர்னோ. 1838-இல் வெளியான அவருடைய நூல், தேவையை விலையின் சார்பாக எழுதி, விலையையும் விற்பனை அளவையும் பெருக்கி வரும் வருவாய் எந்த விலையில் பெருமமாகும் என்று கேட்கிறது. முதல் வகைக்கெழு சுழியாவதைச் சொன்னதோடு நில்லாமல், இரண்டாம் வகைக்கெழு எதிர்க்குறி உடையதாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தது. முற்றுரிமை பற்றிய அத்தியாயத்தில் ஒரு கனிமநீர் ஊற்றின் உரிமையாளரை எடுத்துக்கொண்டு தொடங்கும் அவர், உற்பத்திச் செலவு ஏறினால் முற்றுரிமையாளர் விலையை உயர்த்துவார் என்றும், அந்த உயர்வு செலவின் உயர்வைவிடக் கூடுதலாகவும் குறைவாகவும் இருக்கலாம் என்றும் காட்டினார். விலை எந்தப் பக்கம் நகரும் என்பதே இங்கு விடை. திசையைச் சொல்லும் விடைகளைப் பொருளியலில் கணிதத்தால் பெறலாம் என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது. அந்த நூலை அன்று வாங்கிப் படித்தவர்கள் மிகச் சிலரே.

1870-களில் ஜெவன்ஸும் வால்ராவும் இறுதிநிலைப் பயன்பாட்டின் மேல் கோட்பாட்டை எழுப்பியபோது இரண்டாம் அடுக்கு கண்ணில் படாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பண்டத்தின் பயன்பாடு அப்பண்டத்தின் அளவை மட்டுமே பொறுத்தது என்றும், அளவு கூடக் கூட இறுதிநிலைப் பயன்பாடு குறைந்துகொண்டே போகும் என்றும் அவர்கள் கொண்டனர். இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டால் மொத்தப் பயன்பாடு எல்லாத் திசைகளிலும் குழிவான சார்பாகிவிடுகிறது. அப்போது இரண்டாம் வரிசை நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுவதால் அதைத் தனியே கேட்க வேண்டிய தேவை எழவில்லை. 1881-இல் எட்ஜ்வொர்த், பயன்பாடு எல்லாப் பண்டங்களின் அளவுகளையும் ஒருசேரப் பொறுத்தது என்று எழுதி, சமநோக்கு வளைகோடுகளை அறிமுகப்படுத்தியதும் இந்த வசதி பறிபோயிற்று.

என்ன பறிபோயிற்று என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். தானியம், துணி என இரண்டே பண்டங்கள். இரண்டின் விலையும் அலகுக்கு 1. நுகர்வோரின் வருமானம் 10. அவருடைய பயன்பாடு, இரு அளவுகளையும் பெருக்கினால் வரும் எண் என்று கொள்வோம். முதல் வரிசை நிபந்தனை ஒவ்வொன்றிலும் 5 அலகு என்று சொல்கிறது, பயன்பாடு 25. 6-உம் 4-உமாக மாற்றினால் 24. ஆகவே 5-5 பெருமமே. இனிப் பயன்பாட்டை இரு அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வரும் எண்ணாக மாற்றினால், முதல் வரிசைச் சமன்பாடுகள் அப்போதும் 5-5 என்றே விடை தருகின்றன. அங்கே பயன்பாடு 50. ஆனால் 6-4-இல் அது 52, முழு வருமானத்தையும் ஒரே பண்டத்தில் செலவிட்டால் 100. சமன்பாடுகள் காட்டிய இடம் வரவுசெலவுக் கோட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம். விளிம்பிட்ட அணிக்கோவை முதல் கணக்கில் 2 என்றும் இரண்டாவதில் எதிர்க்குறி 4 என்றும் வந்து, எது பெருமம் எது சிறுமம் எனப் பிரித்துக் காட்டிவிடுகிறது. மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெருக்கல் கணக்கில் தானியத்தின் இறுதிநிலைப் பயன்பாடு தானியம் கூடுவதால் குறைவதே இல்லை, ஆயினும் அங்கே பெருமம் கிடைக்கிறது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி உகந்த நிலைக்குத் தேவையானது அன்று என்பது இதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

அந்த விதியின் அடித்தளத்தையே அசைத்தவர் பரேட்டோ. 1906-இல் இத்தாலியத்திலும், விரிவான கணிதப் பின்னிணைப்போடு 1909-இல் பிரெஞ்சிலும் வெளிவந்த அவருடைய கையேடு, நிறைவை எண்ணால் அளக்கத் தேவையில்லை, எது எதைவிட விரும்பத்தக்கது என்ற வரிசை மட்டும் போதும் என்றது. வரிசை மட்டுமே போதுமானால், பெருக்கல் பயன்பாட்டை வர்க்கப்படுத்தி எழுதினாலும் அதே நுகர்வோரைத்தான் குறிக்கிறது. ஆனால் வர்க்கப்படுத்திய பின் தானியத்தின் இறுதிநிலைப் பயன்பாடு தானியம் கூடக் கூட ஏறுகிறது! ஒரே மனிதரின் ஒரே விருப்பம் ஒரு வடிவில் நிலையாகவும் இன்னொரு வடிவில் ஏறுமுகமாகவும் தோன்றுமானால், ஏறுகிறதா குறைகிறதா என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போகிறது. மாறாமல் நிற்பது ஒன்றுதான்: வரவுசெலவுக் கோட்டின் வழியே நகரும்போது காணும் வளைவின் குறி. விளிம்பிட்ட அணிக்கோவையின் குறியை இந்த உருமாற்றங்கள் தொடுவதில்லை. அதுவரை துணை நிபந்தனையாக இருந்தது, பழைய விதி விட்டுச்சென்ற இடத்தைத் தனியாளாக நிரப்ப வேண்டிய நிலைக்கு வந்தது.

அந்த இடத்தை நிரப்பிய கட்டுரை கீவ் நகரிலிருந்து வந்தது. 1880-இல் பிறந்த யெவ்கெனி ஸ்லூட்ஸ்கி, மாணவர் போராட்டத்தில் பங்கேற்றதால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, சில காலம் மியூனிக்கில் பொறியியல் பயின்று, பின்னர் கீவில் சட்டப் பட்டம் பெற்று, அங்கிருந்த வணிகக் கல்லூரியில் ஆசிரியரானவர். நுகர்வோரின் வரவுசெலவுக் கோட்பாடு பற்றி அவர் இத்தாலியத்தில் எழுதியது 1915 ஜூலையில், இத்தாலி முதல் உலகப்போரில் இறங்கிய இரண்டு மாதங்களுக்குள், அந்நாட்டின் பொருளியல் ஏடு ஒன்றில் அச்சாயிற்று. வரவுசெலவு சமநிலையில் இருந்தால் போதாது, நிலைத்தும் இருக்க வேண்டும். சிறு விலகல் எதுவும் நிறைவைக் குறைத்தால்தான் நுகர்வோர் அங்கே நிற்பார் என்று கூறி, அந்த நிலைப்பை அணிக்கோவைகளின் குறிகளாக அவர் எழுதினார். பின்னர் முதல் வரிசைச் சமன்பாடுகளை விலையைப் பொறுத்து வகைப்படுத்தித் தீர்த்தபோது, ஒவ்வொரு விடையின் கீழ்ப்பகுதியிலும் அதே விளிம்பிட்ட அணிக்கோவை வந்து நின்றது. மேற்பகுதியில் அதன் அடுத்த சிறிய அணிக்கோவை. இரண்டாம் வரிசை நிபந்தனை இவ்விரண்டுக்கும் எதிரெதிர்க் குறிகளைக் கொடுத்துவிடுவதால் ஈவின் குறி கேள்விக்கு இடமின்றி எதிர்க்குறியாகிறது. கணக்கின் இந்த ஒரு திருப்பத்தில்தான், உகந்த நிலையைச் சரிபார்க்கும் கருவி மனித நடத்தையை முன்கூட்டிச் சொல்லும் கருவியாக மாறுகிறது.

அந்த ஈவின் பொருள் இதுதான். ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது, பழைய கொள்முதலை அப்படியே வாங்க முடியும் அளவுக்கு நுகர்வோரின் வருமானத்தையும் ஈடுகட்டி உயர்த்தினால், அவர் அப்பண்டத்தைக் கட்டாயம் குறைத்தே வாங்குவார். இதுவே இன்று பதிலீட்டு விளைவு எனப்படுவது. ஈடுகட்டாதபோது, விலையேற்றத்தால் வாங்கும் திறன் குறைந்ததன் விளைவு, அதாவது வருமான விளைவு, இதனோடு சேர்கிறது. வருமானம் கூடினால் கூடுதலாக வாங்கப்படும் பண்டமாயின் இரண்டும் ஒரே திசையில் இயங்குவதால் தேவை குறைவது உறுதி. வருமானம் கூடும்போது கைவிடப்படும் தாழ்வகைப் பண்டத்தில்தான், மார்ஷல், கிஃபன் என்பவரின் பெயரால் குறிப்பிட்ட விதிவிலக்கு, விலை ஏறத் தேவையும் ஏறுவது, நேரக்கூடும். தேவை விதி என்று நூற்றாண்டுக்கணக்கில் அனுபவமாகச் சொல்லப்பட்டுவந்தது, எங்கே உறுதி எங்கே ஐயம் என்ற எல்லைக்கோட்டோடு முதன்முறையாக நிறுவப்பட்டது.

கட்டுரையை ஏறத்தாழ யாரும் படிக்கவில்லை. ஸ்லூட்ஸ்கி மாஸ்கோவுக்குச் சென்று நிகழ்தகவியலிலும் வானிலை ஆய்விலும் பெயர் பெற்றார். 1934-இல் லண்டன் பொருளியல் பள்ளியிலிருந்து ஹிக்ஸும் ஆலனும் மதிப்புக் கோட்பாட்டை மறுபரிசீலனை செய்து எழுதிய இரு பகுதிக் கட்டுரை, அதே முடிவுகளைத் தனியாகக் கண்டடைந்து, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டின் இடத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பதிலீட்டு வீதத்தை வைத்தது. 1935-இல் சிகாகோவின் ஷுல்ட்ஸும் 1936-இல் ஆலனும் ஸ்லூட்ஸ்கியின் முன்னுரிமையை உலகுக்கு எடுத்துரைத்தனர். ஹிக்ஸ் 1939-இல் வெளியிட்ட ‘மதிப்பும் மூலதனமும்’ நூலில் அதை முழுமனத்தோடு ஒப்புக்கொண்டார். தம் சொந்தக் கண்டுபிடிப்பாகக் கருதியிருந்த ஒன்றில் முந்தியவருக்கு உரிய இடத்தை இப்படி வெளிப்படையாகக் கொடுத்தது அத்துறையின் வரலாற்றில் மதிக்கத்தக்க நிகழ்வு. அமெரிக்காவில் ஹோட்டலிங்கும் 1932-லும் 1935-லும் இதே நிபந்தனைகளை ஆராய்ந்திருந்தார். ஷுல்ட்ஸ் அவற்றை இறைச்சி வகைகள் போன்ற பண்டங்களின் விலைப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டுச் சோதிக்க முயன்றபோது கோட்பாடும் தரவும் எளிதில் ஒத்துப்போகவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே கொள்கையின் கீழ்க் கொண்டுவந்தவர் பால் சாமுவேல்சன். ஹார்வர்டில் அவருக்குக் கணிதப் பொருளியலைக் கற்பித்த எட்வின் வில்சன், வெப்ப இயக்கவியலின் பேராசான் கிப்ஸின் மாணவர். ஒரு வாயு நிலைத்த சமநிலையில் இருப்பதனாலேயே, அழுத்தம் கூடினால் அதன் கனஅளவு குறைய வேண்டும் என்று கிப்ஸ் காட்டியிருந்தார். பொருளும் துறையும் வேறானாலும் கணித வாதம் ஸ்லூட்ஸ்கியுடையதே. 1941-இல் ஆய்வேடாக முடிந்து 1947-இல் நூலாக வந்த சாமுவேல்சனின் ‘பொருளியல் பகுப்பாய்வின் அடித்தளங்கள்’, உகந்த நிலையின் இரண்டாம் வரிசை நிபந்தனைகளும் சமநிலையின் நிலைப்புத் தன்மையுமே பொருளியலில் பொருளுள்ள தேற்றங்களின் ஊற்று என்று அறிவித்தது. தரவால் பொய்ப்பிக்கப்பட வாய்ப்புள்ள கூற்றே பொருளுள்ள தேற்றம் என்பது அவருடைய வரையறை. வேதியியலாளர் லெ ஷாட்லியேயின் பெயரால் வழங்கும் கொள்கையை அவர் நிறுவனங்களுக்குப் பொருத்தியது இதற்கு நல்ல சான்று: கூலி குறையும்போது, இயந்திரங்களை மாற்ற முடியாத குறுங்காலத்தில் ஆலை எடுக்கும் கூடுதல் ஆட்கள், இயந்திரங்களையும் மாற்றிக்கொள்ளக்கூடிய நெடுங்காலத்தில் எடுப்பவர்களைவிட மிகமாட்டார்கள். கட்டுப்பாடு ஒன்று கூடக் கூட எதிர்வினை சுருங்கும் என்ற இம்முடிவு முழுவதும் வளைவின் குறியிலிருந்து பெறப்பட்டது.

அதே சாமுவேல்சன் 1938-இல், இந்நிபந்தனைகளை வகைக்கெழுவே இல்லாமலும் பெறலாம் என்று காட்டியிருந்தார். ஒரு கூடையை வாங்க முடிந்தும் வேறொன்றை ஒருவர் தேர்ந்திருந்தால், பின்னாளில் அந்த முதல் கூடையை அவர் வாங்கும்போது, முன்பு தேர்ந்தது அவருக்கு எட்டாத விலையில் இருந்திருக்க வேண்டும். இந்த எளிய முரண்பாட்டுத் தடையிலிருந்தே, ஈடுகட்டிய விலை மாற்றமும் அளவு மாற்றமும் எதிரெதிர்த் திசையில் செல்லும் என்பது வந்துவிடுகிறது.

சமன்பாடாக உள்ள கட்டுப்பாடுகளிலிருந்து, ‘இதற்கு மிகாமல்’ என்னும் வகைக் கட்டுப்பாடுகளுக்குக் கணிதம் நகர்ந்தபோது இந்நிபந்தனைகளும் புது வடிவம் பெற்றன. சிகாகோவில் வில்லியம் கரூஷ் 1939-இல் எழுதிய முதுகலை ஆய்வேடு இரண்டு வரிசை நிபந்தனைகளையும் கொண்டிருந்தும் அச்சேறாமல் கிடந்தது. 1950-இல் பெர்க்லியில் நடந்த கருத்தரங்கில் குன்னும் டக்கரும் முன்வைத்த பிறகே முதல் வரிசை நிபந்தனைகள் பரவலாக அறியப்பட்டன. அதற்குப் பின் பொருளியல் வேறொரு பாதையில் திரும்பியது. 1954-இல் ஆரோவும் டெப்ரூவும் பொதுச் சமநிலையின் இருப்பை நிறுவியபோது குவிவான கணங்களே, அதாவது தம் எந்த இரு புள்ளிகளை இணைக்கும் கோடும் தமக்குள்ளேயே அடங்கும் கணங்களே, அடித்தளமாயின. 1961-இல் ஆரோவும் என்தோவனும், விருப்பக் கணங்கள் குவிவாக இருந்தால் சில எளிய வரம்புகளுக்குள் முதல் வரிசை நிபந்தனைகளே பெருமத்தை உறுதிசெய்துவிடும் என்று காட்டினர். குவிவை முன்கூட்டியே கருதிக்கொண்டால் வளைவைச் சோதிக்க வேலையே இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, தொடக்கத்திலேயே எழுதிவைக்கப்படும் ஒரு கருதுகோளாக மாறியது; கணக்கு எளிதாயிற்று, ஆனால் கருதுகோள் பொய்க்கும் இடங்கள் பார்வையிலிருந்து விலகின.

வளர்ந்து செல் விளைவு விதி ஆளும் தொழில்கள் அத்தகைய இடம். புறவிளைவுகள், அதாவது ஒருவரின் உற்பத்தி சந்தைக்கு வெளியே இன்னொருவருக்கு இழைக்கும் தீமைகள், இன்னொன்று. 1964-இல் வில்லியம் பாமல், புறவிளைவுகள் இருக்கும்போது இரண்டாம் வரிசை நிபந்தனைகள் என்னவாகின்றன என்ற கேள்வியை நேராகவே எழுப்பினார். 1972-இல் பிராட்ஃபோர்டுடன் சேர்ந்து, தீமை போதிய அளவு வலுவாக இருந்தால் உற்பத்தி வாய்ப்புகளின் கணம் குவிவாக இருக்கவே முடியாது என்று நிறுவினார். புகை கக்கும் ஆலையும் அதனருகே ஒரு சலவை நிலையமும் 10 தொழிலாளர்களைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துப் பார்க்கலாம். ஆலையில் ஒருவர் உழைப்பின் மதிப்பு 10; சலவையில் 12, ஆனால் ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொருவராலும் எழும் புகை, சலவைத் தொழிலாளர் ஒவ்வொருவரின் மதிப்பிலும் 1 குறைக்கிறது. ஆலையில் 6 பேரும் சலவையில் 4 பேரும் இருக்கும்போது, ஆலையின் ஒரு கூடுதல் ஆள் இழைக்கும் தீமை 4. பிகூ தம் நலப் பொருளியலில் பரிந்துரைத்தபடி அந்தத் தீமைக்குச் சமமாக ஆளுக்கு 4 வரி விதித்தால், வரி போக ஆலையில் கிடைப்பது 6, சலவையில் கிடைப்பதும் 6. எல்லா இறுதிநிலைச் சமன்பாடுகளும் பிசகின்றி நிறைவேறுகின்றன. மொத்த மதிப்பு 84. ஆனால் ஆலையில் 5 பேர் இருந்தாலும் 7 பேர் இருந்தாலும் மொத்தம் 85. எல்லாரும் ஆலையில் இருந்தால் 100. எல்லாரும் சலவையில் இருந்தால் 120. வரி குறிவைத்து நிறுத்திய இடம் இருக்கும் இடங்களிலேயே மிகத் தாழ்ந்தது.

அந்த இடத்தில் தொழிலாளர்கள் நிற்கவும் மாட்டார்கள். ஆலையில் 7 பேர் இருக்கும் நிலையிலிருந்து, தீமைக்கேற்ப வரியைத் திருத்திக்கொண்டே போனால், வரி 3-க்கு இறங்கி ஆலையின் நிகரக் கூலி 7 ஆகவும் சலவையில் 5 ஆகவும் இருப்பதால் ஆட்கள் ஆலைக்கு நகர்கிறார்கள். சலவை நிலையம் மூடப்பட்டு வரி சுழியாகி மொத்தம் 100-இல் நிற்கிறது. 5 பேரிலிருந்து தொடங்கினால் அதே விதி எதிர்ப்பக்கம் இயங்கி ஆலையை மூடி 120-க்குக் கொண்டுசெல்கிறது. 100-இல் நிற்கும் நகரத்துக்கு, சரியாகக் கணக்கிடப்பட்ட விலைகளும் வரிகளும் 120 என்ற ஒன்று உண்டு என்பதைத் தெரிவிப்பதில்லை. அதை அறிய இரு மூலைகளின் மொத்த மதிப்புகளையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் தனித்தனி வட்டாரங்களை ஒதுக்குவதா, வரி மட்டும் விதித்து விட்டுவிடுவதா என்ற வாதத்தில் குவிவின்மை ஒரு வலுவான தரப்பாக நுழைந்தது இவ்வழியாகவே.